பதின்மூன்று மாடிச் சீட்டுக்கட்டு

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேல போய்க்கிட்டிருந்தீங்களா, கீழ வந்துக்கிட்டிருந்தீங்களா?"

பதில் அவளுக்குத் தேவையே இல்லை. மொட்டை மாடி மெஷின் ரூமில் போர்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனாலும் கேட்பாள். பதிலை யோசிக்கிறவர் அந்த நேரத்துக்காவது கத்துவதை நிறுத்துவார். உள்ளே இருப்பவர்களுக்குள் "மேலதான்", "இல்லைங்க, கீழ" என்று சண்டை வந்துவிட்டால் இன்னும் நல்லது. சண்டை போடுகிறவர்களுக்குப் பயப்பட நேரம் இருக்காது. அதற்குள் இவள் பிரேக்கைத் தளர்த்தி, கேபினை மெல்லத் தளத்துக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்துவிடுவாள்.

அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் அவளுக்கு லிஃப்ட் அக்கா என்று பேர். நாற்பதைத் தாண்டியவள். கட்டை உருவம், கணீர்க் குரல், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். தொழிலுக்கு வந்த புதிதில் "பொம்பளை ரிப்பேர் பார்த்த லிஃப்டுல ஏறலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "தாராளமா படியில போங்க, உடம்புக்கு நல்லது" என்று வழிவிட்டு நிற்பாள். எட்டாவது மாடிக்காரர்கள் மறுநாளே சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் அவளுக்கு முன்னால் அண்ணி பதில் சொல்வாள்: "மாப்பிள்ளை கீழ நிப்பாரு, இவ மேல ஏதாவது ஒரு மெஷினைப் பிரிச்சுப் போட்டிருப்பா. அவ இறங்கி வர்றதுக்குள்ள அவருக்கு வேற இடத்துல பிள்ளையே பொறந்திருக்கும்."

ஒரு வேலையைக் கையில் எடுத்தால் விடமாட்டாள் என்பதுதான் அவளைப் பற்றி எல்லோரும் சொல்வது. பாராட்டாகவும் சொல்வார்கள், தலையில் அடித்துக்கொண்டும் சொல்வார்கள்.

அவளுடைய அண்ணன் மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலக்காரர். மூட்டை மேல் ஏறி நின்று விலை சொல்ல ஆரம்பித்தால் மூச்சு விடுவது எங்கே என்று தெரியாது. எண்கள் சரசரவென்று வந்து விழும். முன்னால் ஐம்பது முகங்கள் இருந்தால் ஐம்பதையும் பார்ப்பார். யார் இன்னும் ஏறுவான், யார் சும்மா ஏற்றிவிடுகிறான், யாருக்கு உள்ளுக்குள் உதறுகிறது என்பதெல்லாம் புருவத்தைப் பார்த்தே தெரியும். கடைசியில் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று உள்ளங்கையால் பலகையைத் தட்டுவார். அந்த மூன்றாவது தரம் சந்தை வாசலைத் தாண்டிக் கேட்கும்.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் தப்பியது. வலது கை பாதிதான் திரும்பி வந்தது. பேச்சு அந்த அளவுகூட வரவில்லை. "ஆமா", "இல்ல" வரும். தண்ணீர் என்று சொல்ல வாய் திறந்தால் வேறு ஏதோ சத்தம் வரும். அது தப்பு என்று அவருக்கே தெரியும், முகம் சிவக்கும். ஆனால் ஒன்று மட்டும் விசித்திரமாக மிஞ்சியிருந்தது. எண்கள். அதையும் தனியாகக் கேட்டால் வராது. "தட்டுல எத்தனை இட்லி இருக்கு?" என்றால் திணறுவார். ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் மட்டும் தடம் மாறாமல் ஓடும். ஆக, ஆறு என்று சொல்ல அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று படியேறி ஆறில் போய் நிற்க வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள்: "அறைக்குள்ள உட்கார்ந்துட்டார்னா இருக்கிறதும் போயிடும். ஆட்களோட இருக்கணும். சிரிக்கணும், கோபப்படணும். என் பயிற்சியை விட அதுதான் முக்கியம்."

ஆட்கள் இல்லாமலா? ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரம்மி என்பது வருஷக்கணக்கான ஏற்பாடு. அண்ணன், அண்ணி, இவள், இவளோடு வேலை பார்க்கும் டேப். இன்சுலேஷன் டேப் சுருளை வளையல் போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே திரிவதால் அவனுக்கு அந்தப் பேர். வாயும் டேப் மாதிரிதான், இழுக்க இழுக்க வரும்.

அண்ணன் தேறியதும் மறுபடி மேசை போட்டார்கள். அவர் இடது கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டார். முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவதும் அவருக்கு. மூன்றாவதில், சரியாக அவருக்கு ஒரு சீட்டு தேவைப்பட்ட நேரத்தில், டேப் கையிலிருந்த ஜோக்கரையே கீழே இறக்கினான். ரம்மி ஆடுகிறவன் பல்லைப் பிடுங்கிக் கொடுத்தாலும் ஜோக்கரைக் கொடுக்க மாட்டான்.

அண்ணன் ஜோக்கரைப் பார்த்தார். டேப்பின் முகத்தைப் பார்த்தார். மனைவியை, தங்கையைப் பார்த்தார். சந்தையில் ஐம்பது முகம் படித்தவருக்கு மூன்று முகம் எம்மாத்திரம்? சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதோடு சரி. சீட்டுக்கட்டு பிரிட்ஜ் மேல் ஏறியது. அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்தார். யார் வந்தாலும் திரும்பவில்லை. எண்கள் கூட வருவது குறைந்தது.

"நீதானேடா ஜோக்கரை இறக்கின?"

"நீங்களும்தானே ரம்மி சேர்ந்ததை மறைச்சீங்க? நான் பார்த்தேன்கா."

இரண்டும் உண்மை. அவரை மறுபடி அந்த மேசைக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று லிஃப்ட் அக்கா அன்றே முடிவுகட்டினாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை. மறுபடி ரம்மி என்றால் அவர் ஜெயிக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த ஜோக்கர் ஞாபகம் வரும்.

வழி ஓர் அலுவலகக் கட்டிடத்தின் லிஃப்டுக்குள்ளிருந்து வந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நாலைந்து பேர் உள்ளே மாட்டியிருந்தார்கள். அவள் கதவருகே போய்த் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கும் முன்பே உள்ளே ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "நான் கதவை உடைக்கிறேன்."

"ஏய்! கதவுல கையை வைக்காதீங்க! நான் திறக்கிறேன்!"

உள்ளே ஒரே சிரிப்பு. "மேடம், அது நிஜக் கதவு இல்ல. குகைக் கதவு. நாங்க விளையாடிக்கிட்டு இருக்கோம்."

கேன்டீனில் ஆரம்பித்த ஆட்டமாம். ஆளுக்கொரு வேஷம் மனதில் எடுத்துக்கொண்டு, ஒருவர் ஆபத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதிலிருந்து எப்படித் தப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே போவது. லிஃப்ட் நின்றதும் ஆட்டத்தை நிறுத்தாமல் இருட்டிலேயே தொடர்ந்திருக்கிறார்கள். வெளியே வந்தவர்களை அவள் விடவில்லை. கேள்வி மேல் கேள்வி.

"சரி, யாரு ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க. எல்லாரும் சேர்ந்து தப்பிக்கணும், அவ்வளவுதான்."

யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றால் யாரும் யாரையும் ஜெயிக்கவிடவும் முடியாது. அவளுக்கு அது போதும்.

அவர்களுடைய ஆட்டத்துக்குத் தலையணை மாதிரி ஒரு புத்தகமும், பல முகம் கொண்ட பகடைகளும் வேண்டும். அண்ணன் வீட்டில் இருப்பது ஒரு சீட்டுக்கட்டு. அதிலேயே செய்துவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் ஒன்று பளிச்சென்று பட்டது. ஒரு ஜாதிக்குப் பதின்மூன்று சீட்டு. பதின்மூன்று என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான்: பதின்மூன்று மாடிக் கட்டிடம்! ஏஸ் முதல் மாடி, ராஜா உச்சி மாடி. குகையும் பூதமும் அவளுக்குத் தெரியாது. கட்டிடம் தெரியும். அதில் என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

ஸ்பேடு பதின்மூன்றையும் தனியே எடுத்தாள். அவை கோளாறுகள், மாடிக்கு ஒன்று. எட்டில் புகை. ஐந்தில் தண்ணீர்த் தொட்டி உடைந்து படியெல்லாம் வெள்ளம். ஜாக்கியில், அதாவது பதினோராம் மாடியில், சங்கிலி அறுத்த நாய். மிச்சச் சீட்டுகள் ஆடுகிறவர்களின் கையில். ஆட்டின், அதாவது இதயம் போட்ட சீட்டு, என்றால் பேச்சு சாமர்த்தியம், டைமண்ட் என்றால் கைவேலை, கிளாவர் என்றால் உடல் பலம். கட்டிடத்தில் மின்சாரம் போய்விட்டது, லிஃப்ட் எல்லாம் நின்றுவிட்டது, உச்சியில் மாட்டியவர்கள் கீழே இறங்க வேண்டும். ஒரு மாடியின் ஸ்பேடைத் திருப்பினால் அதைவிடப் பெரிய எண்ணுக்குக் கையிலிருந்து சீட்டை இறக்க வேண்டும், ஒன்று போதாவிட்டால் இரண்டு மூன்றைக் கூட்டலாம். இறக்குவதோடு எப்படித் தப்பினோம் என்று வாயால் சொல்லவும் வேண்டும்.

மதியச் சாப்பாட்டு வேளையில் மெஷின் ரூமில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முதல் சோதனை. அவள், டேப், அந்தக் கட்டிடத்து வாட்ச்மேன். டேப் தீயணைப்பு வீரன். வாட்ச்மேன், "இங்கயும் நான் வாட்ச்மேனா இருக்க மாட்டேன்" என்று பிடிவாதமாகப் பத்தாம் மாடிக் கோடீஸ்வரர் ஆனார்.

எட்டாம் மாடியில் புகை வந்தது. டேப் கையில் சீட்டு கொத்தாக இருந்தது. ஒன்றையும் இறக்கவில்லை. ஏழில் காயம். ஆறிலும் இறக்கவில்லை. ஐந்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்த் தீயணைப்பு வீரன் செத்தே போனான்.

"ஏன்டா, கையில அவ்வளவு சீட்டை வெச்சுக்கிட்டு ஏன் செத்த?"

டேப் பெருமையாகக் கையை விரித்துக் காட்டினான். ஆட்டினில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கூடவே மூன்று ராணி. "செத்தா என்னக்கா? ரம்மி சேர்ந்துடுச்சு பாருங்க!"

வாட்ச்மேனும் மெதுவாகத் தன் கையைத் திருப்பினார். அவரும் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவள் தலையில் கை வைத்தாள். ரம்மி ஆடியே பழகிய கை சீட்டைக் கண்டால் சேர்க்கத்தான் பார்க்கும், செலவழிக்காது. உயிரே போனாலும் வரிசையை உடைக்காது. விதியை மாற்றினாள். கையில் மூன்று சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. டேப் மூன்று சீட்டிலும் வரிசை சேர்த்தான். திட்டினாள். மறுபடி ஆடினார்கள். வேலை தீர்ந்த இடத்திலெல்லாம் ஆடினார்கள். ஒரு பிழையைச் சரிசெய்தால் வேறொன்று தலைகாட்டும். லிஃப்டும் அப்படித்தானே என்று அவள் அசரவில்லை. ஒருவழியாக ஆட்டம் ஓடத் தொடங்கியது.

ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அண்ணனுக்கென்று ஒரு சலுகை யோசித்து வைத்திருந்தாள். அவர் கதை சொல்ல வேண்டாம். சீட்டை இறக்கினால் போதும், எப்படித் தப்பினார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அண்ணி கெஞ்சிக் கூத்தாடி அவரை மேசைக்கு இழுத்து வந்தாள்.

தையல் கடையில் வேலை பார்க்கும் அண்ணி, ஆட்டத்தில் என்னவாக இருக்கப் போகிறாள் என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னாள்: "நான் திருடி."

"அண்ணி!"

"நல்லவளா இருந்து இருந்து அலுத்துப்போச்சும்மா. ஒரு மதியமாவது திருடியா இருக்கேனே."

அண்ணன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. அங்கேதான் கெட்டது. அவர் கிளாவர் பத்தை இறக்கினார். "அண்ணன் ஒரே உதை! கதவு சுக்குநூறு!" என்று டேப் குதித்தான். அண்ணி கை தட்டினாள். அடுத்து டைமண்ட் ஒன்பது. "அண்ணன் வயரை ரெண்டா வெட்டிட்டாரு! எல்லாரையும் காப்பாத்திட்டாரு!" மறுபடி கைதட்டல். லிஃப்ட் அக்காவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது.

அவர் மிச்சச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "இல்ல" என்றார். நாற்காலி தரையைக் கீறியது.

அடுக்களையில் அண்ணி பாத்திரங்களைத் தேவையில்லாமல் அலம்பிக்கொண்டிருந்தாள். "சந்தையில அவருக்கு யாரும் கை தட்டினதில்லை, தெரியுமா? திட்டத்தான் திட்டுவாங்க. ஏமாத்துறான், அநியாயமா ஏத்துறான்னு. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நாமதான் இப்ப குழந்தைக்குத் தட்டுற மாதிரி தட்டுறோம்." குழாயை மூடினாள். "விட்டுடும்மா. அவர் போக்குல இருக்கட்டும்."

"இல்லை அண்ணி. தப்பு ஆட்டத்துல இருக்கு. அவர்கிட்ட இல்லை. ஆட்டத்தை நான் சரி பண்றேன்."

"நீ ஒண்ணைப் பிடிச்சா..."

"விடமாட்டேன். தெரியும்ல?"

சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, எந்த இடத்தில் பிழை என்று பிடிபடவில்லை. பிடிபட்டது ஒரு மருத்துவமனைக் கட்டிடத்தில். இரண்டு லிஃப்டில் ஒன்றை அவளும் டேப்பும் பிரித்துப் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றுக்காகக் கீழ்த்தளத்தில் கூட்டம். பார்வையாளர் நேரம். எல்லோரும் கதவுக்கு மேலே எரியும் எண்ணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு. ஐந்து. நான்கில் நின்றது. "ஐயோ" என்று ஒரு பெருமூச்சு. மூன்று. எல்லோரும் முன்னால் நெருங்கினார்கள். மூன்றிலிருந்து திடீரென்று நான்கு, ஐந்து என்று மேலே ஏற ஆரம்பித்தது. கூட்டமே கொதித்தது. "இதுக்கு மனசாட்சி இருக்கா?" என்று ஒரு பெரியவர் கதவையே திட்டினார்.

லிஃப்ட் அக்கா கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றாள். லிஃப்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் கெஞ்சவில்லை. வரிசையாக எண்களைக் காட்டியது, அவ்வளவுதான். அதற்கே இத்தனை பேரும் அதன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கிறார்கள், நம்புகிறார்கள், ஏமாறுகிறார்கள், திட்டுகிறார்கள். பரிதாபப்படுகிறவர் மட்டும் ஒருத்தர்கூட இல்லை.

"டேய்," என்றாள். "அண்ணன் கட்டிடத்துக்குள்ள மாட்டினவர் இல்லடா. அவர்தான் கட்டிடம்."

டேப் ஸ்குரூவை வாயில் கவ்வியபடி பார்த்தான். "வெயில்ல நடந்து வந்தீங்களாக்கா?"

ஆட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒருவர் கட்டிடம், மற்றவர்கள் அவரிடமிருந்து தப்ப வேண்டும். ஸ்பேடு பதின்மூன்றும் இனிக் கட்டிடத்தின் கையில். ஒவ்வொரு சுற்றிலும் கட்டிடம் முதலில் ஒரு ஸ்பேடை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைக்கும். பிறகு மற்றவர்கள், பதின்மூன்று கோடு போட்ட ஓர் அட்டையில் ஆளுக்கொரு பொத்தானை நகர்த்தி, ஒன்றோ இரண்டோ மூன்றோ மாடி இறங்குவார்கள், அல்லது இருக்கிற இடத்திலேயே இருப்பார்கள். அதன்பிறகு கட்டிடம் எண்ணும். ஒன்றிலிருந்து ஆரம்பித்து, கவிழ்த்த சீட்டின் எண்ணில் போய் நிற்கும். அந்த மாடியில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மாட்டினார்கள்; பழையபடி அதைவிடப் பெரிய எண்ணுக்குச் சீட்டை இறக்கிக் கதை சொன்னால் தப்பலாம், இல்லாவிட்டால் காலி. எடுத்த எடுப்பில் எண்ணைச் சொல்லக் கூடாது, யார் கட்டிடமாக இருந்தாலும் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். அண்ணனுக்குச் சலுகை என்று ஒன்றும் கிடையாது.

இது உண்மையிலேயே சலுகை இல்லைதானா என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது. மரப்பெட்டியில் ஆடிப் பார்த்தார்கள். அவள் கட்டிடமானாள், சுமார். டேப் கட்டிடமானான்; படு மோசம். சீட்டைக் கவிழ்க்கும்போதே அவன் கண் குறி வைத்த மாடிக்குப் போய்விடும், முகத்தில் சிரிப்பு வந்துவிடும். வாட்ச்மேன் கோடீஸ்வரர் அலுங்காமல் கீழே இறங்கிப் போனார். "கட்டிடமா இருக்கிறது லேசு இல்ல போலக்கா," என்றான் டேப். "எவன் எங்க போவான்னு மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிக்கணும். நம்ம மூஞ்சியையும் காட்டக் கூடாது." அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இன்னொன்று பாக்கி இருந்தது. பதின்மூன்று சீட்டை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது. பழைய லிஃப்டிலிருந்து கழற்றிப் போட்ட வாசல்பட்டை ஒன்று கிடந்தது. கதவு ஓடுவதற்காக நீளமாகப் பள்ளம் போட்ட அலுமினியப் பட்டை. அதை வெட்டி, ஓரத்தை ராவி, பள்ளத்தில் சீட்டைச் செருகிப் பார்த்தாள். சிப்பாய் மாதிரி நின்றது. நாலு துண்டு வெட்டினாள், ஆளுக்கு ஒன்று.

"நமக்கு எதுக்குக்கா? நமக்குக் கை நல்லாத்தானே இருக்கு?"

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான். அங்க வந்து ஏதாவது உளறினே, உன் வாயில உன் டேப்பையே ஒட்டிடுவேன். இன்னொண்ணு. யாரும் கை தட்டக் கூடாது. யாரும் அவரைக் கூப்பிடவும் கூடாது."

ஞாயிறு மதியம். அண்ணன் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மேசையில் பரப்பினார்கள். அண்ணி திருடி, லிஃப்ட் அக்கா நர்ஸ். டேப்தான் கட்டிடம். அவளே வேண்டுமென்று அவனைக் கட்டிடமாக்கினாள்.

டேப் அட்டையில் பத்தாம் கோட்டைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி சீட்டைக் கவிழ்த்தான். மற்ற இருவரும் இறங்கினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டே போனான். "பத்து!" அங்கே யாரும் இல்லை. அடுத்த சுற்று. மறுபடி பல். மறுபடி காலி மாடி. திருடி சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

டிவியின் சத்தம் குறைந்தது.

மூன்றாவது சுற்றில் டேப், "ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு" என்று ரயில் மாதிரி ஓட்டினான்.

"இல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

ஒருவரும் திரும்பவில்லை. அண்ணி மேசை விரிப்பின் நூலைப் பிய்த்தாள். அண்ணன் ஒரு காலை இழுத்தபடி வந்து டேப்பின் தலைக்கு மேல் நின்று, இடது கையை நீட்டினார். ஸ்பேடுகளைக் கொடு என்று அர்த்தம்.

"என்னண்ணே, நான் நல்லாத்தானே..."

"இல்ல," என்றார் அண்ணன், இந்தத் தடவை கீழ்க்குரலில். உன் எண்ணிக்கையும் ஓர் எண்ணிக்கையா என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது.

டேப் எழுந்து இடம் மாறினான். தீயணைப்பு வீரனாக உச்சி மாடிக்குப் போனான். புதிதாக ஆட்டம் ஆரம்பித்தது. அண்ணன் அலுமினியப் பட்டையைத் தடவிப் பார்த்தார். நாலு பேர் முன்னாலும் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு சீட்டுகளைப் பள்ளத்தில் வரிசையாக நிறுத்தி, ஒன்றை உருவிக் கவிழ்த்தார். நிமிர்ந்து மூன்று முகங்களையும் பார்த்தார்.

அந்தப் பார்வையைத் தங்கை பார்த்து எத்தனையோ காலமாயிற்று. மூவரும் தங்கள் பொத்தானை நகர்த்தினார்கள்.

"ஒண்ணு," என்றார். குரல் கரகரத்தது. "ரெண்டு. மூணு. நாலு." ஏழு வரை ஒரே சீராக வந்தது. எட்டில் வேகம் குறைந்தது. பத்தில் நின்றே விட்டார் என்று தோன்றியது. பத்தில் நின்றுகொண்டிருந்த அண்ணி தோளைக் குறுக்கினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு மெதுவாக, "பதினொண்ணு" என்றார். பதினொன்றில் நர்ஸ் இருந்தாள்.

"அட!" என்று கத்தினாள் லிஃப்ட் அக்கா. அண்ணியைப் பார்த்துக்கொண்டே தன்னை அடித்துவிட்டார்! இருந்த சீட்டில் இரண்டைக் கொட்டித்தான் தப்ப முடிந்தது. கதை சொல்லும்போது நிஜமாகவே வேர்த்தது.

அதன் பிறகு அவர் யாருக்கும் மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. யார் மூன்று மாடி தாவப் போகிறார்கள், யார் பயந்து அங்கேயே பதுங்குவார்கள் என்று கவிழ்க்கும் முன்பே தெரிந்து வைத்திருந்தார். மேலே பார்த்துக் கீழே அடித்தார். வேகமாக வந்து சடக்கென்று நின்றார். ஆறாம் மாடியில் நர்ஸ் ஒழிந்தாள். "கட்டின பொண்டாட்டின்னு ஒரு இரக்கம் இருக்கா பாரு" என்று அண்ணி கைச்சீட்டைக் கொட்டியபடி புலம்பினாள். அவள் புலம்பப் புலம்ப அவர் அடுத்த சீட்டை உருவினார்.

மிச்சம் திருடியும் தீயணைப்பு வீரனும். டேப் ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கினான். திருடி மூன்றில். அண்ணன் எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு." அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "மூணு." நீளமாக இழுத்தார். பிறகு டேப் பக்கம் தலையைத் திருப்பி, "நாலு." சீட்டைப் புரட்டினார். ஸ்பேடு நாலு.

தப்புவது சுலபம். நாலைவிடப் பெரிய சீட்டு ஒன்று போதும். டேப்பின் பட்டையில் மூன்று சீட்டு இருந்தன. அவன் கை ஒன்றின் மேல் போனது, நின்றது, அடுத்ததன் மேல் போனது, திரும்பி வந்தது. லிஃப்ட் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. படுபாவி, மறுபடியும் வரிசை சேர்த்து வைத்திருக்கிறான். உடைக்க மனசு வரவில்லை.

அண்ணனுக்கும் புரிந்தது. அவர் டேப்பின் விரலைப் பார்க்கவில்லை, புருவத்தைப் பார்த்தார். உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. இடது உள்ளங்கை மேசைக்கு மேல் உயர்ந்தது.

"ஒரு தரம்," என்றார்.

அண்ணியின் கண் திறந்தது.

"ரெண்டு தரம்."

டேப் திகைத்துப்போய் எந்தச் சீட்டையும் எடுக்காமல் அவரையே பார்த்தான்.

"மூணு தரம்!" உள்ளங்கை மேசையில் இறங்கியது. நாலு அலுமினியப் பட்டைகளும் அதிர்ந்தன. தெருவில் போன யாரோ ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

எத்தனை முறை அண்ணி அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாள், பேச்சுப் பயிற்சிப் பெண் எத்தனை முறை முயன்றிருப்பாள்! கேட்டபோதெல்லாம் வராமல் உள்ளேயே கிடந்தது. லிஃப்ட் அக்கா இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இறுகக் கோத்துக்கொண்டாள். எங்கே தன்னையறியாமல் தட்டிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

டேப் தட்டவில்லை. அவனுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது.

"இது அநியாயம்ணே! என்கிட்ட சீட்டு இருக்கு! இதோ பாருங்க, ஆட்டின் அஞ்சு, ஆறு, ஏழு! நான் எடுக்கிறதுக்குள்ள நீங்களா தரம் சொல்லிட்டா ஆச்சா? அப்படி ஒரு ரூலே கிடையாது! ஏமாத்துறீங்க!"

அண்ணன் சிரித்தார். சத்தமே வராமல் தோள் குலுங்க ஆரம்பித்தது, பிறகு சத்தமும் வந்தது. விரலால் டேப்பின் வரிசையைச் சுட்டிக் காட்டிக் காட்டிச் சிரித்தார். டேப்புக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நீங்கதானே இதைச் செஞ்சீங்க? அப்படி ரூல் இருக்கா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தங்கையின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார், ஜோக்கர் விழுந்த அன்று படித்த மாதிரியே. அவருக்காக வளைகிறாளா என்று பார்க்கிறார்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். சீட்டைச் சேர்த்துக்கொண்டே இருக்கும் நோய்க்கு இத்தனை நாள் மருந்து தேடியிருந்தாள். அதை இவர் ஓர் அடியில் செய்துவிட்டார்.

"இதுவரைக்கும் இல்லை," என்றாள். "அதனால இந்த ஆட்டத்துல செல்லாது. டேப் பொழைச்சான், ஒரு சீட்டை இறக்கட்டும். அடுத்த ஆட்டத்துலேர்ந்து ரூல். யார் கட்டிடமா இருந்தாலும் மூணு தரம் சொல்லலாம். அதுக்குள்ள இறக்கலைன்னா காலி."

"அப்படி வாங்க!" என்று டேப் மேசையைத் தட்டி, ரம்பத்தால் அறுப்பது போன்ற வேதனையோடு ஆட்டின் ஐந்தை இறக்கினான்.

அண்ணன் "இல்ல, இல்ல" என்று கடுங்கோபத்தோடு தலையாட்டினார். தங்கையைப் பார்த்து முறைத்தார். டேப்பின் சீட்டைத் தள்ளிவிட்டார். டேப் அதை எடுத்து மறுபடி வைத்தான். இருவருக்கும் நடுவே அண்ணி புகுந்து, "சின்னப் பிள்ளைங்களா நீங்க?" என்று அதட்டிக்கொண்டே, இதுதான் சமயமென்று திருடியின் பொத்தானைச் சத்தமில்லாமல் மூன்று மாடி இறக்கிக் கீழே கொண்டுபோய்விட்டாள்.

அதைக் கவனித்தது ஒரே ஒருவர்தான். அண்ணன் சண்டையை அப்படியே நிறுத்தி, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால், அந்தப் பாதிக் கையால், கட்டின் மிச்சச் சீட்டுகளைத் தங்கை பக்கம் தள்ளினார்.

அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துப் போடு என்று அர்த்தம். அவள் கலைக்க ஆரம்பித்தாள்.